ஈரத் தறியும் மூத்தாரின் அவசரமும்

புயல் வருகிறது என்றதும் நான் நூல் கட்டுகளைப் பரண்மேல் ஏற்றினேன், குடங்களில் குடிநீர் பிடித்து வைத்தேன். என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், நாற்காலியில் சாய்ந்தபடி, "புயலு மெட்ராசுக்குத்தான் போவும். நம்ம நகரி ஊருக்கு அதுக்கு வழி தெரியாது" என்று சிரித்தார். அவரிடம் வழி கேட்காமலே எங்கள் விசைத்தறிக்கூடத்துக்குள் முழங்காலளவு வெள்ளம் வந்தது.

தண்ணீர் வடிந்ததும் அந்த வீரர் வெறுங்காலோடு மெயின் சுவிட்சைப் போடப் போனார். நான் முன்பே ஃபீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகியிருந்தேன்.

"ஃபீஸக் குடும்மா, வேல நின்னுக்கினு கீது."

"ஒயர்மேன் வந்து பாக்கட்டும் மாமா. அதுவரைக்கும் தரமாட்டேன்."

ஒயர்மேன் வந்து மோட்டாரைத் திறந்தபோது உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. "சுவிட்ச் போட்டிருந்தா தறியத் தொட்டவங்க செத்திருப்பாங்க" என்றார்.

அன்று மாலையே மூத்தார் வாசலில் நின்று அக்கம்பக்கத்தாரிடம், "கரண்டு விசயத்துல ஜாக்கிரதையா இருக்கணும்னு நான்தான் சொல்லி வச்சேன்" என்றார். உள்ளே சேற்றை வாரிக்கொண்டிருந்த எனக்கு மறுக்கக்கூட நேரமில்லை.