வெள்ளை உடுத்தி வந்த விருந்தாளி

போன வாரம் கோவையில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. பக்கத்து வீட்டில் கல்யாணம், புடவை எடுக்கப் போனார்கள். நான் சும்மா துணைக்கு — அதாவது, யாரும் கேட்காத கருத்துகளைச் சொல்வதற்கு.

விற்பனைப் பெண் ஒரு பட்டுப் புடவையை விரித்தாள். மணப்பெண்ணின் அத்தை இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயோ, வெள்ளையா? ரிசப்ஷனுக்கா?"

"வெள்ளை இல்லீங்க மேடம். ஐவரி."

அத்தை மறுபடி பார்த்தார். தொட்டுப் பார்த்தார். "ஐவரின்னா... நல்லாத்தான் இருக்கு" என்றார். பில் போட்டாகிவிட்டது.

புடவை அதேதான். கடை விளக்கும் அதேதான். பெயர் மாறியதும் நிறமே மாறிவிட்டது! நாம் கண்ணால்தான் பார்க்கிறோம் என்று யார் சொன்னது?

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் வளர்ந்ததே துணிக்கடையில். கோத்தகிரி பஜாரில் அப்பா சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். அதில் முன் அலமாரி முழுக்க வெள்ளை. அந்த மலையின் பூர்வகுடிகளான படுகர் வீட்டுப் பெண்கள் வாங்குவது அதைத்தான் — வெள்ளை முண்டு, மேலே ஒரு வெள்ளைத் துணி, தலைக்கு ஒரு வெள்ளைத் துணி. திருவிழாவா, கல்யாணமா, எல்லாவற்றுக்கும் அதே வெள்ளை.

அவிநாசியிலிருந்து முதல்முறை மலையேறி வந்த என் சித்தப்பா, அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, இந்த ஊர்ல இத்தனை எளவா உளுகுது?"

சிலோனிலிருந்து ஜனங்கள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பல தலைமுறையாக அங்கே தேயிலை பறித்தவர்களை, 'உங்கள் நாடு அதோ' என்று அனுப்பிவைத்தார்கள். தேயிலை தெரிந்த கைகள் தேயிலை இருக்கும் மலையைத் தேடி வந்தன. அப்படி வந்தவர்தான் அங்கம்மா. பதுளைப் பக்கத்து எஸ்டேட். கணவர், ஒரே மகள் சரோஜா, இரண்டு டிரங்குப் பெட்டி.

அவர்களுக்கு இடம் கொடுத்தவர் நஞ்சம்மா. படுகர். வயதானவர். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம். தோட்டத்து மூலையில் இருந்த பழைய ஷெட்டைச் சுண்ணாம்படித்து அவர்களைக் குடிவைத்தார். கொழுந்து பறிக்க வேலையும் கொடுத்தார். அங்கம்மாவின் கூரையும் கூலியும் அந்த ஒரு அம்மாளின் கையில்தான் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சரோஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையும் சிலோனிலிருந்து வந்த பையன்தான். அங்கம்மா எங்கள் கடையில் சிவப்புச் சேலை எடுத்தார். அதே வாரம் நஞ்சம்மாவும் வந்தார்.

"நம்ம ஊட்டுக் கல்யாணம், கண்ணு. நல்ல முண்டா, புதுசா எடு."

இருப்பதிலேயே வெளுப்பான வெள்ளையை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அப்போது இருபது வயது. கடைப் பெண் என்ற முறையில் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு.

ஷெட் வாசலில் பந்தல். மாப்பிள்ளை வந்தாகிவிட்டது. மேளம் ஆரம்பித்தாயிற்று. சரோஜா சிவப்புச் சேலையில் வாசற்படியில் நிற்கிறாள். தோட்டத்துப் பாதை வழியாக நஞ்சம்மா வருகிறார் — தலை முதல் கால் வரை புத்தம்புது வெள்ளை, நெற்றியில் பொட்டில்லை, முகம் கொள்ளாத சிரிப்பு. நேராகப் பெண்ணிடம் போய்த் தலையில் கை வைக்கப் போனார். அவர்கள் வழக்கத்தில் பெரியவர்களின் வாழ்த்து அதுதான்.

கை தலையைத் தொடவில்லை. அங்கம்மா நடுவில் வந்து மகளை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.

நஞ்சம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

பெண் வீட்டார் யாரோ ஓடி வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு கிளாஸில் பால் விடாத டீ, கூடவே உள்ளங்கையில் ஒரு வெல்லக் கட்டி. சிலோன் எஸ்டேட்டில் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு டீயைக் குடிப்பார்கள். விருந்தாளிக்கு நல்ல மரியாதை அது.

நஞ்சம்மாவுக்கு அது தெரியுமா?

"பால் இல்ல, சரி. சக்கரையக் கலக்கிக் குடுக்கக்கூட மனசில்லயா?" என்று என்னிடம் கேட்டார். கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்துகொள்ளப் போனார். அவர் எழுந்து போனால் பந்தலோடு ஷெட்டும் போகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அது அவங்க ஊர் மரியாதைங்க. ஒரு நிமிசம் உக்காருங்க, இப்ப வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக ஷெட்டுக்குள் ஓடினேன்.

"என்னங்கக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? அவங்க வாழ்த்தத்தானுங்க வந்தாங்க."

அங்கம்மா மகளைப் பிடித்த பிடியை விடவில்லை. "தாலி ஏறப்போற நேரம் தங்கச்சி. வெள்ளச்சீல முன்னுக்கு வரலாமா? எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள."

"அது தாலி அறுத்தவங்க கட்டற வெள்ளை இல்லீங்க. அவங்க கல்யாணத்துல பொண்ணே வெள்ளைதான் உடுத்தும்."

"கல்யாணப் பொண்ணா?" — சரோஜா கேட்டாள். பயந்துபோய் அல்ல, ஆச்சரியமாக.

"சிலோன்ல வெள்ளை உடுத்தற பொம்பளைங்களை நீங்க பாத்ததே இல்லீங்களா?" என்றேன்.

"ஏன் பாக்காம? போயாவுக்குப் போயா சிங்களப் பொம்பளைங்க எல்லாம் வெள்ளையிலதான் போவாங்க." போயா என்றால் பௌர்ணமி. புத்தர் கோயிலுக்குப் போகும் நாள்.

"அப்பல்லாம் அபசகுனமாத் தெரியலீங்களா?"

"அது அவுங்க ஊரு தங்கச்சி. அவுங்க என்னத்த உடுத்துனா நமக்கென்ன? இது நம்ம ஊருன்னுதானே சொல்லி அனுப்புனாங்க?"

இப்போது யோசித்தால் புரிகிறது. அந்நிய நாடு என்று தெரிந்தால் கண் தாராளமாக இருக்கிறது. எதைப் பார்த்தாலும் 'அது அவர்கள் வழக்கம்' என்று விட்டுவிடுகிறது. சொந்த நாடு என்று சொல்லிவிட்டால் போச்சு... எல்லாம் நம் வீட்டு அர்த்தத்திலேயே இருந்தாக வேண்டும்.

அங்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளை அவர்களுக்கு மங்கலம் என்பது கொஞ்சம் மனதில் இறங்கியிருந்தது. கதவைத் திறந்து வெளியே போனார். நஞ்சம்மா முன்னால் நின்று, சமாதானமாகப் பேச்சை ஆரம்பித்தார்.

"ஐயா வரலீங்களாம்மா?"

"அவரா? அவர் செத்து ரொம்ப வருசம் ஆச்சே."

ஊருக்குப் போயிருக்கிறார் என்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். மேளக்காரர் கூடக் கொட்டுவதை நிறுத்திவிட்டார்.

நான் விளக்கியது எல்லாம் சரிதான். வெள்ளைத் துணிக்குத்தான் விளக்கம் சொன்னேன். அதை உடுத்தியிருந்தவர் நிஜமாகவே கணவனை இழந்தவர் என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும். கடைக்கு வருகிறவர்களிடமோ, கூலி கொடுக்கிற அம்மாளிடமோ அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

நஞ்சம்மா எல்லா முகங்களையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "என்ன கண்ணு, தப்பா ஏதாச்சும் சொல்லிட்டனா?"

மறைக்க முடியாது. "அவங்க வழக்கத்துல புருசன் இல்லாதவங்க தாலி கட்டற நேரத்துல முன்னாடி வர மாட்டாங்கம்மா. எங்க பக்கமும் அப்பிடித்தானுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. கணக்கு புரியாதவர் போல யோசித்தார்.

"வயசானவங்கதான வாழ்த்தணும்? வயசானா ரெண்டு பேர்ல ஒருத்தர் முந்திப் போயிருப்பாங்க. அப்பறம் யாருதான் வாழ்த்தறது?"

மாப்பிள்ளை வீட்டார் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அங்கம்மா கூரையைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று அப்போது தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நஞ்சம்மாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்தார்.

"மொதல்ல எனக்குச் சொல்லுங்கம்மா."

நஞ்சம்மா அவர் தலையில் கை வைத்து, தங்கள் மொழியில் வாழ்த்து சொன்னார். சின்ன வாழ்த்தல்ல, பாட்டுப் போல நீண்டுகொண்டே போனது. பந்தலில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

முடிந்ததும் அங்கம்மா நிமிர்ந்தார். வானம் இடியவில்லை. பந்தல் சாயவில்லை.

"சரோஜா... வாடி."

சரோஜா வந்து குனிந்தாள். அவளுக்கும் அதே நீள வாழ்த்து. பிறகு மேளம், தாலி, சாப்பாடு. நஞ்சம்மா ஆறிப்போன டீயை எடுத்து, வெல்லக் கட்டியை உள்ளே போட்டு, விரலால் கலக்கிக் குடித்தார். சிலோன்காரப் பெண்கள் அதைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், டீ குடிக்கத் தெரியவில்லை!

அந்த ஷெட்டில் அவர்கள் மேலும் சில வருடங்கள் இருந்தார்கள். பிறகு சேரங்கோட்டில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்துப் போனார்கள். சரோஜா நன்றாக இருந்தாள். அவள் முதல் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று தொட்டிலில் போட்டதே நஞ்சம்மாதான் என்று கேள்விப்பட்டேன்.

கல்யாணம் முடிந்த மறு வாரம் அங்கம்மா கடைக்கு வந்தார். அன்று ஏன் முதலில் குனிந்தீர்கள் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தோஷம் இருந்தா எந்தலையோட போகட்டும்னுதான் தங்கச்சி. எம் புள்ளைக்கு வந்திரக் கூடாது பாருங்க."

அடுத்த சந்தை நாளில் நஞ்சம்மா ஒரு முண்டு எடுக்க வந்தார். அவரும் கல்யாணப் பேச்சையே எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தியா கண்ணு? அவங்க கிட்டயும் மொறை இருக்கு. பெரியவ மொதல்ல குனிஞ்சு வாங்கினா, அப்பறந்தான் புள்ளையை விட்டா. எனக்கு அத்தனை மரியாதை!"

ஒரே குனிதல். ஒருத்திக்கு அது பரிகாரம், இன்னொருத்திக்குக் கௌரவம். அவரவர் பார்த்ததுதான் நடந்தது என்று இருவரும் நிம்மதியாக இருந்தார்கள். இடையில் இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நல்ல விளக்கம் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "ஆமாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, துணியை மடித்துக் கொடுத்தேன்.