அரை டிக்கெட்டில் கப்பலேறிய மணி

எண்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதத்தோடு எனக்கு வெளிச்சம் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு. ஆவடியில் மத்திய சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மயிரிழை பிசகாமல் இரும்பைச் சீவின கை, சோற்றுத் தட்டு எங்கே இருக்கிறது என்று தடவியது. அழுதேன். சாமியைத் திட்டினேன். ஆமாம், நம் பைரவரையும்தான். அஷ்டமிக்கு அஷ்டமி கூடி வருகிற அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். நான் வாயால் சொல்லச் சொல்ல, என் மனைவி புஷ்பா எழுதுகிறாள்.

வேலையிலிருந்து என்னை அனுப்பிவிடவில்லை. டெலிபோன் போர்டில் உட்கார வைத்தார்கள். "பேசறதுக்குன்னே பொறந்தவன்யா நீ, இத்தினி நாளா லேத்துகிட்ட இன்னா பேசிகினு இருந்தே?" என்று எங்கள் சூப்பர்வைசர் கேட்டார். கண் போன பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். துக்கத்தில் இருக்கிறவனைச் சிரிக்க வைத்த சொல்லை நான் மறப்பதே இல்லை.

வேலை கிடைத்தது சரி. வேலைக்குப் போவது எப்படி? வீட்டிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு இருபது நிமிஷ நடை. நடுவில் மெயின் ரோடு ஒன்று, ரயில்வே கேட் ஒன்று. காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் புஷ்பாதான். கடை, கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, எதுவானாலும் அவள் கை என் கைக்குள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அவள் அம்மா வீடு. பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கேகூட அவள் தனியாகப் போய் ஒரு நாள் தங்கினதில்லை.

எண்பத்தெட்டில் ஒரு தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டுப் பிரசாதத்தோடு வெளியே வந்தேன். என் கையிலிருந்த வடை திடீரென்று காணாமல் போயிற்று! காலடியில் மொறுமொறுவென்று சத்தம். "குட்டி நாயிய்யா. வாலைக் கூட ஆட்டாம துன்னுகினு கீது பாரு, என்னாத் திமிரு!" என்றாள் புஷ்பா. அது எங்கள் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்தது. மணி என்று பேர் வைத்தோம். பைரவருக்கு நாய் வாகனம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் அதுதான் வாகனமாகப் போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டு வீடு தள்ளி ஒரு ஓய்வு பெற்ற ஹவில்தார் இருந்தார். ராணுவத்தில் நாய் பழக்கினவர். "அயல்நாட்ல கண்ணு தெரியாதவங்கள நாய்தான் கூட்டிகினு போவுது தம்பி. உன் மணியை என்கிட்ட வுடு" என்றார். ஒன்றரை வருஷம் பழக்கினார். தேய்ந்த மெஷின் பெல்ட்டை அறுத்து மார்புக்கு வார் தைத்து, முதுகில் பிடித்துக்கொள்ள ஒரு மரக் கைப்பிடியும் வைத்துக் கொடுத்தார். ஒரே ஒரு சங்கடம். கட்டளை எல்லாம் இந்தி! நில் என்பதற்கு ருக்கோ. உட்கார் என்பதற்கு பைட்டோ. நட என்பதற்கு சலோ. "அண்ணாத்தே, இது ஆவடி நாயி, தமிழ்ல சொன்னா ஆவாதா?" என்று கேட்டேன். "நாய்க்குத் தமிழ் வராது தம்பி. முப்பது வருசம் பாத்துட்டேன், அதுக்கு இந்திதான் ஏறும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அந்த மூன்று வார்த்தைதான் எனக்குத் தெரிந்த இந்தி. எங்கள் வீட்டிலேயே அதிக இந்தி தெரிந்தவன் மணிதான்.

பிறகு தினமும் மணியோடுதான் வேலைக்குப் போனேன். கேட் மூடியிருந்தால் குறுக்கே நிற்பான். பள்ளம் இருந்தால் நகரமாட்டான். கேட்காரர் தூரத்திலிருந்தே "மணி சார் வராரு, வழி வுடுங்கப்பா" என்று குரல் கொடுப்பார். புஷ்பாவுக்குக் காலையும் மாலையும் மிச்சமாயிற்று. ஆனால் வெளியூர் என்றால் பழையபடி அவள் கைதான்.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் ஆபீஸில் விடுமுறைப் பயணச் சலுகை வந்தது. அந்தமானுக்குக் கப்பலிலேயே போகலாம் என்றார்கள். மூன்று நாள் கடலில்! நான் துள்ளினேன். அன்று சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு வரிசையில் நின்ற புஷ்பா, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

"கப்பல்ல போனாலும் இவரு கையத்தானேக்கா புடிச்சிகினு நிக்கணும். தப்பா சொல்லல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ரெண்டு கையயும் வீசிகினு நடக்கணும்னு ஆசையா கீது."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் என்னை அறுத்தது. அப்போதே முடிவு செய்தேன். கப்பலுக்கு மணியும் வருவான். இந்தப் பயணம் முழுக்க என் கைப்பிடி அவன் முதுகில்தான். அவளுக்கு இது லீவு.

நான் சொல்ல, புஷ்பா கடிதம் எழுதினாள். 'எனக்குப் பார்வை இல்லை, எனக்கு வழிகாட்டும் நாய் மணியை உடன் அழைத்துவர அனுமதி வேண்டும்' என்று சொன்னேன். சில நாள் கழித்து கப்பல் டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்து ஒருவர் என் போர்டுக்கே போன் செய்தார்.

"துணைக்கு மணின்னு போட்டிருக்கீங்க. ஆணா பெண்ணா?"

"ஆண்தான் சார்."

"வயசு?"

"அஞ்சு."

"அஞ்சு வயசுல துணையா?"

"சார், அவன் இல்லாம நான் ஒரு அடி வைக்க மாட்டேன். ரோட்டையே அவன்தான் கிராஸ் பண்ணி வுடுவான்."

"கெட்டிக்காரப் பையன்! சமத்தா இருப்பானா, கப்பல்ல ஓடியாடி தொல்லை பண்ண மாட்டானே?"

"உக்காருன்னு சொன்ன இடத்துல உக்காருவான் சார்."

"எங்க வூட்லயும் ஒண்ணு கீதே!" என்று பெருமூச்சு விட்டு அவர் போனை வைத்தார். டிக்கெட் வந்தது. மூன்று பேருக்கு. மணிக்கு அரை டிக்கெட்! நாய்க்குக்கூட டிக்கெட் போடுகிறார்களே, எவ்வளவு ஒழுங்கான ஆபீஸ் என்று மெச்சிக்கொண்டேன்.

துறைமுகத்தில் குட்டு உடைந்தது. டிக்கெட் பார்க்கிறவர் கேட்டார், "மூணு பேர்ல மணி யாரு? பையன் எங்க?"

"இதோ சார்" என்று குனிந்து தட்டிக்கொடுத்தேன்.

வரிசையே சிரித்தது. "அரை டிக்கெட்டுக்கு நாலு காலுடோய்!" என்றான் ஒருத்தன். "ஜன்னல் சீட்டா குடுங்க சார், வாலு நீட்டிக்கும்" என்றான் இன்னொருத்தன்.

"இன்னாய்யா விளையாடறியா? நாய்னு லெட்டர்ல எங்க கீது?" என்று டிக்கெட் பார்க்கிறவர் நான் அனுப்பின கடிதத்தைப் புரட்டிக்கொண்டே சீறினார்.

நான் புஷ்பா பக்கம் திரும்பினேன். அவள் என் காதோடு சொன்னாள். "நீ நாய்னுதான் சொன்னே. எனக்குத்தான் எழுத மனசு வரல. நம்ம மணியப் போயி எப்படி நாய்னு எழுதறது? மணின்னு மட்டும் எழுதிட்டேன்."

அவளை என்ன சொல்ல? எங்கள் தெருவிலேயே யாரும் அவனை நாய் என்று சொல்லமாட்டார்கள்.

"நாயெல்லாம் ஏத்த முடியாது. வுட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. இல்லன்னா வழிய வுடுங்க."

"எங்க சார் வுடறது? அவனுக்கு ஆவடி தவிர ஒண்ணும் தெரியாது" என்றேன். புஷ்பாவை மட்டும் போகச் சொன்னேன். "உன்ன வுட்டுட்டு நான் தனியா கப்பல்ல இன்னா பண்ணுவேன், போய்யா" என்றாள். பெட்டியைத் தூக்கினாள். "வா, ஊட்டுக்குப் போலாம். நான் கைய புடிச்சிக்கிறேன்."

அவள் கை என் கையைத் தொட்டது. அவ்வளவுதான், எனக்குள் என்னமோ உடைந்தது. அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். ஆனாலும் மூடினேன். 'பைரவா, கண்ணைக் கேட்டேன், நீ தரவில்லை. சரி, கணக்கை விடு. இன்றைக்கு எனக்காகக் கேட்கவில்லை. இவள் கையை விடுவித்துக் கொடு. உன் வாகனம், நீயே ஏற்று.' இவ்வளவுதான் வேண்டினேன். மந்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இடது கையில் மணியின் கைப்பிடி. திரும்பி நடக்க ஆரம்பித்தோம். நாலு அடி போயிருப்போம். பின்னாலிருந்து இடி மாதிரி ஒரு குரல்: "ருக்கோ!"

மணி நின்றான். நின்றது மட்டுமா? உடம்பை என் முழங்காலுக்குக் குறுக்கே போட்டு மறித்தான். அடுத்த நொடி என் முகத்துக்கு முன்னால் காற்று அடித்தது. மூட்டை ஏற்றின தள்ளுவண்டி ஒன்று தடதடவென்று போய்த்தான் நின்றது. ஒரு முழம் இடைவெளியாம். புஷ்பா அலறிவிட்டாள். கப்பலின் பெரிய அதிகாரி ஒருவர் வண்டிக்காரர்களைப் பார்த்துக் கத்தின கத்தல் அது. வண்டிக்காரனுக்குப் புரிவதற்கு முன்னால் மணிக்குப் புரிந்துவிட்டது!

பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. அந்த அதிகாரி மெதுவாகச் சொன்னார்: "பைட்டோ." மணி உட்கார்ந்தான். "சலோ." எழுந்து, என்னை இழுத்துக்கொண்டு, கப்பல் இருக்கிற பக்கமாகவே நடந்தான்! நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். இந்தியில் என்னென்னவோ கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிக்கெட் பார்க்கிறவர்தான் மொழிபெயர்த்தார். "மெட்ராஸ்ல மனுசனுக்கே தெரியாத இந்தி இதுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாரு."

"ஹவில்தார்கிட்ட படிச்சான்னு சொல்லுங்க சார்."

அதிகாரி டிக்கெட்டை வாங்கிப் படித்தார். மணி, ஆண், வயது ஐந்து, துணை. எல்லாமே உண்மைதானே? அவர் சொன்னதை டிக்கெட்காரர் தமிழில் சொன்னார். முன்பு விரட்டினவர் குரலே மாறிப் போயிருந்தது. "பேரு கீது, வயசு கீது, டிக்கெட் கீது, சொன்ன பேச்சும் கேக்குது. இதைவிட நல்ல பயணி இந்தக் கப்பல்ல யாருன்னு கேக்கறாரு. சமையல்கட்டுப் பக்கம் வுடாதீங்க. ஏறுங்க, நேரமாவுது!"

வரிசையில் கிண்டல் பண்ணினவர்களே கைதட்டினார்கள். ஒரு போர்ட்டர் எங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "மணி அண்ணாத்தே, நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்" என்றான். பைரவா, பைரவா என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினேன். ஏணி ஆடியது. மணியின் முதுகு ஆடவில்லை.

முதல் நாள் கப்பல் ஆடின ஆட்டத்தில் மணிக்கும் எனக்கும் வாந்தி. இரண்டாம் நாள் எந்தப் படி செங்குத்து, எந்தக் கதவில் வாசற்படி உயரம் என்று எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் ஒதுங்குவதற்கு மாலுமிகள் ஒரு மரப்பெட்டியில் மணல் கொட்டி வைத்தார்கள். அந்த அதிகாரி தினமும் வந்து அவனோடு இந்தியில் பேசிவிட்டுப் போவார். நாங்கள் இருவரும் பக்கத்தில் சும்மா நிற்போம்.

மூன்றாம் நாள் காலை. மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் மணி. உப்புக் காற்று. திடீரென்று தூரத்தில், கப்பலின் அந்தக் கோடியில், ஒரு பெண் கூவுகிற சத்தம். "யோவ்! மீனு பறக்குதுய்யா! நெசமா பறக்குது! கூட்டம் கூட்டமா!" யாரோ ஒரு பெண் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது புஷ்பாவின் குரல்.

அன்பர்களே, ஒன்பது வருஷமாக அவள் குரலை நான் என் காதோரத்தில், மிஞ்சினால் ஜன்னலோரத்தில்தான் கேட்டிருக்கிறேன். தூரத்திலிருந்து வந்தால் அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் என் முகத்தை நக்கினான். வெளிச்சம் திரும்பியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேனா, தெரியாது. (அழுதது உண்மைதான், நான் ஓடி வந்து பார்த்தேன். புஷ்பா.)

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு நடைமுறையே மாறிவிட்டது. எந்த ஊரானாலும் மணியும் நானும் தனியாகக் கிளம்பிவிடுகிறோம். புஷ்பா மாசத்தில் இரண்டு நாள் அயனம்பாக்கம் போய் அம்மாவோடு தங்கிவிட்டு வருகிறாள். தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தேய்பிறை அஷ்டமிக்கு நாங்கள் மூவரும் கோயிலுக்கு வருகிறோம், நீங்களே பார்க்கிறீர்கள். வடையில் முதல் பங்கு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் சாமி எந்தப் பிழையைக் கொண்டு எந்தக் கதவைத் திறப்பார் என்று நமக்குத் தெரியாது. ஒரு சொல்லை எழுத மனசு வராத அன்பையே எனக்கு அனுமதிச் சீட்டாக்கிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்களைத் தாங்கித் தாங்கிக் களைத்துப் போயிருப்பார், வாய் திறந்து சொல்லமாட்டார். இந்த அஷ்டமிக்கு உங்களுக்கு வேண்டியதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவருக்காக ஒன்று கேளுங்கள். பைரவர் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.