ஏரிப் பக்கம் உருண்ட வான்

செல்வமலர் இருபத்திரண்டு வருடம் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். கணவர் தியாகராசா பஸ் மெக்கானிக். இருவரும் ஓய்வு பெற்றதும் லாசால் அப்பார்ட்மென்டை விட்டுவிட்டு, படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய கேம்பர் வான் ஒன்றில் குடியேறினார்கள். மகள் சாருஜாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"இந்த வயசிலை ஆராவது வானுக்குள்ளை இருப்பினமோ, அம்மா?" என்றாள்.

ஜூலையில் வடக்கே லோரன்ஷியன் மலையில் உள்ள இளையோர் முகாமுக்குத் தொண்டு செய்யப் போனார்கள். முகாமை நடத்தியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த அக்னெஸ். வானை நிறுத்த ஏரிக்கு மேலே ஒரு சரிவில் இடம் கொடுத்தார். செல்வமலருக்குச் சமையல், தியாகராசாவுக்குப் பழுது பார்க்கும் வேலை. முதல் நாள் பருப்பைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிய பிள்ளைகள் மூன்றாம் நாள் இரண்டாம் தரம் கேட்டார்கள்.

இரண்டாவது கிழமை, ஒரு புதன் காலை. வானை ஓட்டிக்கொண்டுபோய் அதன் கழிவுத் தொட்டியை வெறுமையாக்க வேண்டும் என்று தியாகராசா சக்கரங்களுக்கு அணை வைத்திருந்த கட்டைகளை எடுத்தார். அதற்குள் படகுத்துறையில் பலகை ஒன்று உடைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். கட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார். பலகையை மாற்றிய பின் சமையலறை யன்னலில் வந்து நின்று, "தலை இடிக்குது. வானுக்குள்ளை கொஞ்சம் படுக்கப் போறன்," என்றார்.

அன்று பாஸ்தா நேரத்துக்கு முன்பே வெந்துவிட்டது. செல்வமலர் பத்து நிமிடம் முந்தியே சாப்பாட்டு மணியை அடித்தார். நீந்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஈரத் துவாய்களோடு மேலேறி வந்து வரிசையில் நின்றார்கள்.

அப்போதுதான் யன்னலுக்கு வெளியே வான் நகர்வதைக் கண்டார். கைப்பிரேக் வயர் அறுந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. வான் சரிவில் வேகம் பிடித்து, சற்று முன் பிள்ளைகள் ஏறி வந்த பாதையைக் கடந்து, கீழே இரண்டு பைன் மரங்களுக்கிடையே மோதி நின்றது.

செல்வமலர் அகப்பையோடு ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று போனது. கதவை இழுத்துத் திறந்தார். படுக்கை முழுக்க உடைந்த கண்ணாடி. ஆள் இல்லை.

"என்னப்பா, என்ன சத்தம்?"

தியாகராசா விறகுக் கொட்டில் பக்கமிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். வானுக்குள் வெக்கையாக இருக்கும் என்று கொட்டிலில் கிடந்த வாங்குப் பலகையிலேயே படுத்துவிட்டாராம். செல்வமலர் அவருடைய கையைப் பிடித்தபடி புல்லில் இருந்துவிட்டார்.

அக்னெஸ் வந்ததும் தியாகராசா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "பிழை என்ரைதான், பிள்ளை. கட்டையை நான்தான் எடுத்தனான். நாங்கள் இண்டைக்கே போறம்."

"எங்க போவீங்க அண்ணன், வீடுதான் மரத்துல நிக்குதே," என்றார் அக்னெஸ். "ஒரு பிள்ளைக்கும் ஒண்டும் நடக்கல்ல. இனி எந்த வண்டியையும் சரிவுல விடுறதில்ல. ஆகஸ்ட் முடியிற வரைக்கும் சமையலறைக்குப் பின்னால இருக்கிற அறையில இருங்க."

பின்னேரம் செல்வமலர் மகளுக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். ஏச்சு விழும் என்று காத்திருந்தார்.

"அப்பா சாப்பிட்டவரோ?" என்று சாருஜா கேட்டாள்.

"ஓம். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுறார்," என்றார் செல்வமலர்.