தாய்மாமன் தட்டில் வந்த புத்தகங்கள்

என் தம்பி சாமிக்கண்ணுவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஆனால் என் மகள் சந்திரகலா காலேஜ் படித்தது அவனால்தான். யார் வந்து என்ன சொன்னாலும் இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அவன் நோணாங்குப்பத்து ஆற்றில் வலை போட்டுப் பிழைத்தவன். நான் வாக்கப்பட்டது நெல்லித்தோப்பில். என் வீட்டுக்காரருக்கு மில் வேலை. எண்பத்திரண்டில் சந்திரகலா பெண்கள் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது என்று ஓடி வந்தாள். அப்போது மில் மூடிக் கிடந்தது. காலேஜ் சம்பளம் கொஞ்சம்தான், எப்படியாவது கட்டிவிடலாம். புத்தகத்துக்கும் துணிமணிக்கும் எங்கே போவது? தெருக்கோடி வட்டிக்காரர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். என் வீட்டுக்காரரும் பத்திரம் இருந்த பெட்டியைத் திறந்துவிட்டார்.

நான் பெட்டியைப் படாரென்று மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "வட்டி கட்டியே இந்த வூடு போயிடும். பொண்ணு படிச்சிட்டு வந்து எங்க படுப்பா?" என்றேன்.

மறுநாள் நோணாங்குப்பம் போனேன். சந்திரகலா பெரியவளானபோது எங்கள் அப்பா இறந்த துக்கம். அதனால் தாய்மாமன் சீர் நடக்கவில்லை. கல்யாணத்தோடு சேர்த்துச் செய்யலாமென்று நிறுத்தியிருந்தோம். அதற்காகத் தம்பி பித்தளை அண்டா, குடம், தவலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பரணில் வைத்திருந்தான்.

"தம்பி, அந்தச் சீர இப்பவே கொண்டாந்து வையி."

"மாப்ள பாத்துட்டியாக்கா?"

"காலேஜிக்குப் போறாடா. அண்டாவ வச்சிக்கிட்டு அவ என்னா பண்ணுவா? அத வித்துப் புத்தகமா வாங்கியா."

தம்பி பெண்டாட்டி வீராயி அடுப்படியிலிருந்தே கத்தினாள். "பாத்திரம் இல்லாத சீரா? எங்கள ஊர்ல தல காட்ட வுடமாட்டீங்க போலருக்கே அண்ணி!" கத்திக்கொண்டே எனக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். அவளுக்கு வாய்தான் அப்படி. தம்பி பரணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலேஜ் திறக்கிற வாரம் எங்கள் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் என் தம்பி வருகிறான். தேங்காய் பழம் ஒரு தட்டில், தாவணி ஒரு தட்டில். எல்லோருக்கும் முன்னால் வீராயி. புத்தகத் தட்டு அவள் தலையில்.

"என்னா சாமிக்கண்ணு, மாமன் சீரா, புத்தகக் கடையா?" என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

"ரெண்டுந்தான். சிரிச்சது போதும், வந்து ஆலாத்தி எடு" என்றான்.

எல்லாம் முருகையன் கடையில் வாங்கிய பழைய புத்தகம். வருசம் முடிந்து, கிறுக்காமல் கிழிக்காமல் கொண்டுவந்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு அடுத்த வருசப் புத்தகம் தருவதாக முருகையன் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் காலேஜே. ஆனால் தம்பி என்ன செய்திருந்தான் தெரியுமா? ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதாதா? மஞ்சளை அரைத்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் கை நிறைய அப்பியிருந்தான்.

"பாத்திரந்தான் இல்ல, மஞ்சளாவது இருக்கட்டுமேக்கா. நாளைக்கி எவனும் இது சீரில்லன்னு சொல்லக்கூடாது" என்றான்.

சந்திரகலா ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். மஞ்சள் உள்தாள் வரைக்கும் ஊறியிருந்தது. அதை மூடி வைத்துவிட்டு மாமன் காலில் விழுந்து கும்பிட்டாள்.

வருசம் முடிந்ததும் நானும் சந்திரகலாவும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். முருகையன் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னாம்மா இது, கல்யாணப் பத்திரிக மாதிரி? இத யாரு வாங்குவா?" என்று எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். தம்பி தலை தொங்கிப்போனது. எனக்கோ, வீட்டில் இருந்த பத்திரப் பெட்டிதான் கண்ணில் நின்றது.

பக்கத்தில் வைத்திக்குப்பத்து மீன்காரி குஞ்சம்மாள், தன் மகளையும் கூட்டிக்கொண்டு, அவளுக்கு முதல் வருசப் புத்தகம் வாங்க வந்து நின்றிருந்தாள். ஒரு புத்தகத்தை எடுத்து மோந்து பார்த்தாள்.

"யாரு வச்ச மஞ்ச?"

"தாய்மாமன் வச்சது" என்றாள் சந்திரகலா.

"எம் பொண்ணுக்கு மாமன் கெடையாது. இதயே குடு."

முருகையனுக்கென்று முடிந்து வைத்திருந்த பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து எங்களிடம் கொடுத்தாள். அது அப்படியே இரண்டாம் வருசப் புத்தகமாக மாறியது. சந்திரகலா படித்து முடிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டுப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

ஆனால் என் தம்பி அன்றைக்கு அதோடு விடவில்லை. குஞ்சம்மாளின் மகளைக் கூப்பிட்டான். "காலேஜி என்னைக்கிம்மா தெறக்குறாங்க? சொல்லியனுப்பு. புத்தகம் அதுவரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும். மாமன் இல்லன்னு யாரு சொன்னது?"

சொன்னபடியே வைத்திக்குப்பத்துக்கு மேளத்தோடு போனான். வீராயிதான் முன்னால் நடந்தாள், அதே புத்தகங்களைத் தலையில் வைத்துக்கொண்டு. நானும் போனேன். மஞ்சள் கிண்ணத்தை மட்டும் கடைசி வரைக்கும் அவன் கையில் கொடுக்கவில்லை.