கவனிச்சு அனுப்புங்க

நாற்சந்தியின் நடுவில் ஒரு தகரக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு மைக், மைக்குக்குப் பின்னால் அவர். பதினெட்டு வருஷமாக அதே இடம். ‘சிரிப்பு போலீஸ்’ என்றால் பால்காரர் முதல் பஸ் டிரைவர் வரை எல்லோருக்கும் தெரியும். விடுமுறை வந்துவிட்டால் ஊரே மூட்டை முடிச்சோடு ரோட்டில் நிற்கும், கூட வேலை பார்க்கிறவர்களுக்கு வரிசையாகக் காய்ச்சல் வரும். இந்த மனுஷன் மட்டும் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. “வீட்ல நாலு வார்த்தை பேச மாட்டாரு, அந்த மைக்கைக் கண்டா போதும்” என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள்.

“ஹெல்மெட்டைக் கையில மாட்டியிருக்கிற அண்ணே, மூளை முழங்கையிலயா இருக்கு?” என்பார். “ஹாரன் அடிக்கிற பஸ் டிரைவர் அண்ணே, கேட்டுச்சு! உங்க மாமியாருக்கும் கேட்டுச்சாம், வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டாங்க!” என்பார். வரிசையை மீறி எவனாவது மூக்கை நுழைத்தால் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. “அந்த ஐயாவை யாராவது நல்லா கவனிச்சு அனுப்புங்கப்பா!” அவ்வளவுதான். பக்கத்து வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள், மாட்டிக்கொண்டவனும் அசடு வழிந்தபடி பின்னால் போவான். வேடிக்கையாகச் சொன்னதை வினையாக எடுத்துக்கொண்டவர் ஒருத்தருமில்லை, இந்த விடுமுறையின் மூன்றாம் நாள் மதியம் வரை.

அன்றைக்குக் காலையிலிருந்தே ரோட்டுக்குப் பித்துப் பிடித்திருந்தது. பத்து மணிக்கு இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்துக்கொண்டதில் ஒருவனுக்கு முன்பல் போயிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் செருப்பைக் கழற்றி ஆட்டோக்காரரை வெளுத்து வாங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணி நேரமாக ஒரு வண்டியும் நகரவில்லை. அப்போது பார்த்துத்தான் ஒரு வெள்ளைக் கார் இடைவெளியில் புகுந்து ஒரு பைக்கை உரசியது. பைக்கில் இருந்த சின்னப் பெண் கீழே விழுந்து வீறிட்டாள். முழங்காலில் ரத்தம்.

கூட்டம் சூடாவது கூண்டிலிருந்து தெரிந்தது. ஒரு சிரிப்பு மூட்டினால் தணிந்துவிடும் என்று நினைத்தார். வழக்கம்போல மைக்கைத் தட்டினார். “வெள்ளைக் கார் ஐயாவுக்கு ரொம்ப அவசரம்போல. நல்லா கவனிச்சு அனுப்புங்கப்பா!”

“குழந்தை அழுவுது, காருக்குள்ள இவன் சிரிக்கிறான் பாரு!” என்று ஒரு தடியன் கத்தினான். அடுத்த நொடி கார்க் கதவு பிடுங்காத குறையாகத் திறந்தது.

உள்ளே இருந்தவர் ஒல்லியான தையல்காரர். தலைமுடியைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டார்கள். முதல் உதை வயிற்றில், இரண்டாவது முகத்தில். பின்சீட்டில் அவர் தைத்து அடுக்கியிருந்த பள்ளிக்கூடச் சீருடைகளை வாரி வெளியே எறிந்தார்கள். அவர் ஒன்றை இழுத்து முகத்தை மூட, அதுவும் சிவந்து போனது. அடித்தவர்கள் யார்? பாவிகள், குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பியவர்கள்தான். ஒருவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து மிதித்தான்.

“விடுங்கடா! செத்துடுவாரு!” மைக்கை அப்படியே போட்டுவிட்டு அவர் ஓடினார். விசில் ஊதினார், முதுகுகளில் குத்தினார், கடைசியில் கால்களுக்கு நடுவே தவழ்ந்து தையல்காரர் மேல் குப்புற விழுந்தார். உதைகள் இப்போது இவர் விலாவில் விழுந்தன. ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. நிமிர்ந்தால், தடியன் கையில் டயர் கழற்றும் ஸ்பேனர்.

“தள்ளுய்யா! நீதானய்யா கவனிக்கச் சொன்ன!”

அந்தச் சொல்தான் முதலில் அடித்தது. ஸ்பேனர் பிறகுதான் தாடையில் இறங்கியது. வாய் நிறைய ரத்தமும் பல்லும். அப்படியும் அவர் நகரவில்லை. அடியில் கிடந்தவரின் மூச்சு கழுத்தில் படுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

காப்பாற்றியது ஹாரன். அவர் தினமும் கேலி செய்த பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. அப்படியே கூட்டத்தின் விளிம்பு வரை பஸ்ஸை உருட்டி வந்து இறங்கினார். அவரும் கண்டக்டருமாக ஆட்களைப் பிய்த்து எறிந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இவருக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள், வாயைத் திறக்க முடியாது. எத்தனையோ தடவை “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க” என்று சொன்ன மனைவி, இப்போது அதைச் சொல்ல மனசு வராமல் அழுதாள். நாலாம் நாள்தான் தையல்காரர் கண் விழித்தார். நர்ஸ் குனிந்து, “பயப்படாதீங்க ஐயா, நாங்க நல்லா கவனிச்சுக்கறோம்” என்றாள். தையல்காரரின் இரண்டு கைகளும் சட்டென்று தலையைப் பொத்திக்கொண்டன. முழங்கால்கள் வயிற்றோடு ஒட்டின. நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

இவருக்குப் புரிந்தது. மனைவியிடம் காகிதம் வாங்கி, ‘மைக்கில் சொன்னது நான்தான். மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதி நீட்டினார்.

தையல்காரர் வீங்காத ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் படித்தார்.

“தெரியும் சார்” என்றார். “தினமும் அந்த வழியாப் போறவன்தானே நான். உங்க குரல் தெரியாதா? அன்னைக்கும் நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் சார் சிரிச்சேன்.”