கொய்யாவுக்குக் கட்டிய காலண்டர் தாள்

கொய்யா தின்ன வந்த அணிலை விரட்ட, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாக வாசலுக்கு ஓடின.

சின்ன வயதில் நாரணாபுரத்து வீட்டிலும் எங்களுக்கு ஒரு கொய்யா மரம் இருந்தது. அப்பா பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தார். ஆனாலும் அணிலை விரட்ட வெடி போட அம்மா விட்டதில்லை. அச்சகத்தில் கழித்துப் போட்ட, மை வாசம் போகாத காலண்டர் தாள்களைக் காய்க்குக் காய் சுற்றி நூலால் கட்டுவாள். அணில் அதையும் கிழித்துத் தின்றது.

"ஒரு வெடி போட்டா ஓடிரும்லம்மா?" என்று கேட்டேன்.

"அணில் ஓடிரும்லே. சத்தம் கேட்டா, அப்பாவுக்கு என்னாச்சோன்னு நானும்ல கம்பெனிக்கு ஓடணும்."

அப்பா வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. இன்று உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே அம்மா வாசலில் நின்றாள்.