பஸ்ஸுக்கு எட்டாத இடம்

1. முதலாளியின் யோசனை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பஸ் முதலாளியிடம் கிளாக்கராகச் சேர்ந்தபோது, கண்டி–கெலிஓயா ரோட்டில் பயணிகளைவிட பஸ்கள் அதிகம். வழியில் யாராவது தலை சொறியக் கையைத் தூக்கினால் மூன்று பஸ்கள் பிரேக் பிடிக்கும். பிடித்த பிறகு மூன்று கொண்டக்டர்மாரும் அந்த மனிதனின் கை, கால், குடை ஆகியவற்றை ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொள்வார்கள். அவன் பிரிந்து போகாமல் ஊர் போய்ச் சேர்வது கடவுள் செயல்.

முதலாளி கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திச் சொன்னார்:

"கிளாக்கர், நீங்க படிச்ச ஆள். கண்டியச் சுத்தி பஸ்ஸுக்கும் கோச்சிக்கும் ஆகத் தூரமா ஈக்கிற எடம் எதுன்டு தேடுங்க. அங்க நாங்க பஸ் உடுவம். ஒருத்தனும் போட்டிக்கு வர மாட்டான்."

எங்கே பஸ் இல்லையோ அங்கே பஸ்ஸுக்கு ஏங்குகிறவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் மிகவும் நியாயமாகப் பட்டது. அவர் வியாபாரத்தால் அந்த முடிவுக்கு வந்தார். நான் புத்தகங்களால் வந்தேன்.

2. சோசர் ஆராய்ச்சி

பஸ் கந்தோரில் வட்டம் கீறக் கவராயம் இல்லை. ஆகவே தேநீர்க் கோப்பையின் சோசரை எடுத்து, வரைபடத்தில் ஒவ்வொரு பஸ் ஹோல்ட்டையும் ரயில் ஸ்டேஷனையும் நடுவில் வைத்து வட்டம் கீறினேன். எந்த வட்டத்துக்குள்ளும் விழாத இடமே நான் தேடும் இடம். கேத்திரகணிதம் படித்தது வீண்போகவில்லை என்று அன்று மார்தட்டிக்கொண்டேன்.

முதலில் அகப்பட்ட இடம் மகாவலி கங்கையின் நடுவில் இருந்தது. இரண்டாவது ஒரு மலைப்பாறையின் உச்சி. ஆனாலும் விஞ்ஞானத்தில் விட்டுக்கொடுப்பு கூடாது என்று அங்கே ஏறிப் போனேன். அட்டைகள் மட்டும் என் காலில் ஏறின. இறங்கும்வரை டிக்கெட் வாங்காமல் கூடவே வந்தன.

மூன்றாவது இடம் பன்விலவுக்கு அப்பால், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கு எனப்படும் மேல்பிரிவு. வண்டிப்பாதை முடியும் பாலத்துக்கு மேலே வரிசையாகத் தொழிலாளர் லயங்கள். லயம் நிறைய மனிதர்கள். நான் அளவுச் சங்கிலியோடு போய் நின்றதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பஸ் வரப்போகிறது என்றதும் பெரியவர்களும் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் செல்லம்மா என்ற பெண் மட்டும் சிரிக்காமல் நின்றாள். புருஷனை இழந்தவள். அவளுடைய ஒரே மகளைக் காய்ச்சல் மாறாமல் தோட்ட லொறியில் கண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். தாயை அவளோடு ஏற்றவில்லை.

"ஐயா, இந்த பஸ்ஸு கண்டி பெரியாஸ்பத்திரிப் பக்கம் போகுங்களா?"

"ஓம், வாசலிலேயே இறக்கிவிடும்" என்றேன்.

பாலத்தடியில் ஹோல்ட் வைத்தோம். முதலாளி பஸ்ஸுக்கு மாலை போட்டார். வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி நானே சோசரால் ஒரு வட்டம் கீறினேன். கண்டிச் சுற்றுவட்டாரத்தில் தூரம் என்பதையே ஒழித்துவிட்ட பெருமையோடு சாப்பிடப் போனேன்.

3. டைம்டேபிள்

நான் போட்ட முதல் டைம்டேபிளில் பஸ் காலை ஏழரைக்குப் பாலத்தடியிலிருந்து புறப்படும். கந்தோரில் உத்தியோகம் பார்க்கப் போகிறவனுக்குத் தோதான நேரம். அந்த லயங்களில் கந்தோருக்குப் போகிறவர் எவரும் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. விடியப் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் பேர் கொடுத்து, ஏழரைக்கு எல்லாரும் கூடையோடு மலையில் நின்றார்கள். பஸ் ஹோர்ன் அடித்தால் கொழுந்துக்கு நடுவில் தலைகள் நிமிரும். அவற்றில் ஒன்று செல்லம்மாவுடையது. பிறகு குனிந்துவிடும்.

அவள் கங்காணியிடம் லீவு கேட்டிருக்கிறாள். கொழுந்து குமிந்து கிடக்கிற நேரத்தில் ஆளை விட முடியாது என்றாராம். தோட்டத் துரையிடம் போய்க் கேட்க, கங்காணியைக் கேள் என்றாராம்.

அந்தியில் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு புறப்படும்படி நேரத்தை மாற்றினேன். அன்றைக்குச் செல்லம்மா கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்து மிதிபலகையில் ஏறினாள். எத்தனை மணிக்குக் கண்டி போகும், திரும்பி எப்போது வரும் என்று கொண்டக்டரைக் கேட்டாள். பஸ் போய்ச் சேரும்போது நோயாளரைப் பார்க்கிற நேரம் முடிந்திருக்கும். திரும்பி வர மறுநாள் காலை ஆகும், பெரட்டு தவறிப்போகும். அவள் இறங்கிக்கொண்டாள். பஸ் வெறுமையாகப் போனது.

மிச்சம் இருந்தது ஞாயிறு. தோட்டத்துக்கு ஓய்வு நாள். பஸ்ஸுக்கோ கல்யாணக்காரர் வாடகைக்குப் பிடிக்கும் ஹயர் கிடைக்கும் நாள். முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கணக்கில் கெட்டிக்காரரான அந்த மனிதர் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார்.

"வார ஞாயித்துக்கெழம ஹயர் எடுக்க வாணாம் கிளாக்கர். பஸ் அந்தப் புள்ளட உம்மாக்கு ஓடட்டும்."

செல்லம்மாவுக்கு ஆள் அனுப்பிச் சொன்னோம். மகளுக்குக் கொண்டுபோக ரொட்டி சுடப்போவதாகப் பதில் வந்தது.

4. லீவு

அந்த ஞாயிறுக்கு முன்பு ஒரு வேலை நாள். நேரம் எதுவும் சரிவராததால் பஸ்ஸைப் பழையபடி காலைக்கே மாற்றியிருந்தேன். டிக்கெட் பார்க்க நானும் போயிருந்தேன். பாலத்தடியில் செல்லம்மா துவைத்த சேலையோடு நின்றாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்ன, துரை லீவு தந்திட்டாரோ?" என்றேன்.

"குடுத்துட்டாருங்க. கேக்காமலே குடுத்துட்டாரு."

"பாத்தியளே, மனிசன் நல்லவர்தான்" என்றேன்.

அவள் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன்தான் என் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்: "நேத்து அந்தியில தந்தி வந்துச்சுங்க ஐயா. சாவுக்குன்னா லீவு உண்டாம்."

கொண்டக்டர் அவர்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. பஸ் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டு, குறித்த நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. என் டைம்டேபிள் பிழையில்லாமல் ஓடிய நாள் அது. பின்னேரம் அவள் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். லீவு ஒரு நாள்தான். விடிந்தால் பெரட்டு.

ஆள் ஏறாத பாதை என்று முதலாளி சில வாரத்தில் அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டார். அவரில் குற்றமில்லை.

இப்போது பஸ் கம்பனிகளில் சேரும் இளைஞர்கள் சிலர் புதுப்பாதை போடுவது எப்படி என்று என்னிடம் கேட்க வருகிறார்கள். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, அங்கே இருக்கிறவர்கள் யாரைக் கேட்டு வாசலைத் தாண்ட வேண்டும் என்று முதலில் விசாரியுங்கள் என்கிறேன். பஸ் எவ்வளவு கிட்ட வந்து நின்றாலும், போகலாமா என்று கேட்க வேண்டிய ஒருவன் இருக்கும்வரை அந்த இடம் இருந்த தூரத்திலேயேதான் இருக்கும். இளைஞர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மைலுக்கு எவ்வளவு பெற்றோல் பிடிக்கும் என்று கேட்கிறார்கள். அதையும் சொல்லி அனுப்புகிறேன்.